அடிச்சட்ட வலுவூட்டு பிராக்கெட்

அடிச்சட்ட வலுவூட்டு பிராக்கெட் என்பது, ஜீப் வகை வண்டிகளில் முன்பக்க பம்பரும் இழுவைக் கொக்கியும் பொருத்தப்படும் இடத்தில், அடிச்சட்டத்தின் (சேசிஸ்) நீள்சட்டங்களோடு போல்ட் போட்டு இணைக்கப்படும் எஃகுத் தகடு அல்லது தகடுகளின் தொகுப்பு ஆகும். பம்பரில் விழும் சுமையை ஒரே இடத்தில் குவிய விடாமல், அடிச்சட்டத்தின் நீளமான பகுதி முழுவதற்கும் பகிர்ந்து கொடுப்பதே இதன் வேலை. தகட்டின் தடிப்பை விட, போல்ட்டுகள் எவ்வளவு இடைவெளியில் அமைந்துள்ளன என்பதே இதன் வலிமையைப் பெரிதும் முடிவு செய்கிறது. தவறாக வடிவமைக்கப்பட்ட பிராக்கெட் அடிச்சட்டத்தைக் கிழிக்கலாம். விபத்தின்போது வண்டியின் முன்பகுதி நசுங்குவதைத் தடுத்து, உள்ளிருப்பவர்களின் ஆபத்தைக் கூட்டவும் செய்யலாம். இந்தியாவில் இத்தகைய மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

அடிச்சட்ட வண்டிகள்

பெரும்பாலான இன்றைய கார்களில் உடற்கூடும் அடித்தளமும் ஒன்றாகவே வார்த்தெடுத்தாற்போல் இணைந்திருக்கும். ஜீப் வகை வண்டிகளில் ஏணி வடிவிலான தனி அடிச்சட்டம் இருக்கும். இரண்டு நீள்சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட இந்த ஏணியின் மேல்தான் உடற்கூடு அமர்த்தப்படுகிறது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் ஒருங்கிணைக்கத் தொடங்கியது முதல் இவ்வமைப்பு இங்கு பழக்கத்தில் உள்ளது. மகிந்திரா தார், பொலேரோ, ஃபோர்ஸ் கூர்க்கா, மாருதி ஜிப்சி, 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னி ஆகியவை ஏணிச் சட்டம் கொண்டவை.

நீள்சட்டங்கள் பொதுவாகச் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகட்டை வளைத்துச் செய்யப்பட்டவை. குறுக்குவெட்டில் அவை 'ப' வடிவத் திறந்த சட்டமாகவோ, நான்கு புறமும் மூடிய பெட்டியாகவோ இருக்கும். முழுச் சட்டமாகப் பார்க்கும்போது வலுவாக இருந்தாலும், துளையைச் சுற்றியுள்ள தகடு மெல்லியதுதான். வடிவமைப்பின் எல்லாச் சிக்கல்களும் இந்த உண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

கந்தர்வக்கோட்டைப் பகுதியின் சூழல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வக்கோட்டை, தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், இரு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ளது. சுற்றிலும் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் உள்ளன. வானம் பார்த்த இந்நிலம் கோடையில் இறுகிக் கிடந்தாலும், வடகிழக்குப் பருவமழையில் வண்டிப் பாதைகளும் கண்மாய்க் கரைகளும் சேறாகிவிடும். தோப்புக்குள் செல்லும் வண்டி சிக்கிக்கொண்டால், இன்னொரு வண்டியாலோ டிராக்டராலோ கயிறு கட்டி இழுப்பதே வழக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. தென்னை, முந்திரி, பலா என எண்ணற்ற மரங்கள் சாய்ந்து, உட்புறச் சாலைகள் அடைபட்டன. இப்படிப்பட்ட நேரத்தில் மரத்தை அகற்றவோ சிக்கிய வண்டியை மீட்கவோ கயிற்றை எதில் கட்டுவது என்பது உயிர் தொடர்பான கேள்வி. பச்சை மரத்தின் எடை கன மீட்டருக்கு ஒரு டன்னை நெருங்கும். தரையில் உராய்ந்து வரும் அடிமரத்தை இழுக்கும் விசை முழுவதும் கயிறு கட்டிய அந்த ஓரிடத்தில்தான் விழுகிறது.

அலங்கார பம்பரில் கயிற்றைக் கட்டினால் முதலில் பம்பரின் இணைப்பே பிய்ந்து வரும். அது பறக்கும் வேகத்தைக் கணக்கிடலாம். 20 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 2 டன்) இழுவிசையில் 1 மீட்டர் நீளும் கயிறு சுமார் 10 கிலோஜூல் ஆற்றலைத் தன்னுள் தேக்கி வைக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே 2 கிலோ எடையுள்ள கொக்கிக்குப் போனாலும், அக்கொக்கி மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும். இழுக்கும்போது கயிற்றின் அருகில் யாரும் நிற்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பிராக்கெட் தாங்க வேண்டிய சுமைகள்

பம்பர் இணைப்பிடத்தில் மூன்று வகைச் சுமைகள் விழுகின்றன.

முதலாவது, பம்பரின் சொந்த எடை. வின்ச் எனப்படும் இழுவை உருளையோடு சேர்த்து 60 கிலோ எடையுள்ள பம்பர், போல்ட்டுகளிலிருந்து 300 மி.மீ. முன்னால் தொங்குகிறது எனக் கொண்டால், நிற்கும்போது அது ஏறத்தாழ 175 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனைத் தரும். மேடுபள்ளத்தில் குதிக்கும்போது இது மூன்று மடங்காகலாம். அளவில் சிறியதானாலும் இச்சுமை பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வருவதால், போல்ட்டுகள் தளர்வதற்கும் உலோக அயர்வால் விரிசல் விழுவதற்கும் காரணமாகிறது.

இரண்டாவது, மீட்பு இழுவிசை. அமெரிக்கத் தரைப்படையின் வண்டி மீட்புப் பாடங்களில் ஓர் எளிய விதி உண்டு. சக்கர அளவுக்குச் சேற்றில் புதைந்த வண்டிக்கு அதன் எடைக்கு இணையான இழுவிசையும், மட்கார்டு அளவுக்குப் புதைந்தால் இரு மடங்கும் தேவை என்று கொள்ளப்படுகிறது. 2,000 கிலோ வண்டிக்கு இது முறையே 20, 40 கிலோநியூட்டன் ஆகும். கயிறு பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இதில் பெரும்பகுதி ஒரு பக்க நீள்சட்டத்திலேயே விழும்.

மூன்றாவது, மோதல் சுமை. இதைத் தாங்குவது பிராக்கெட்டின் நோக்கம் அன்று. மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்குத் தடையாக இல்லாமல் இருப்பதே அதன் கடமை.

போல்ட்டா, வெல்டிங்கா?

பட்டறையில் வெல்டிங் எளிது; செலவும் குறைவு. ஆயினும் அடிச்சட்டத்தில் நேரடியாக வெல்டிங் செய்வதில் பல தீமைகள் உள்ளன. உயர்வலிமை எஃகால் செய்யப்பட்ட சட்டத்தில், வெப்பம் பட்ட பகுதி தன் வலிமையில் ஒரு பங்கை இழக்கலாம். வெல்டிங் முடியும் இடத்தில் தகைவு குவிந்து, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். பெட்டிச் சட்டத்தின் உட்புறத் துருத்தடுப்புப் பூச்சு எரிந்துபோகும். உள்ளே மீண்டும் பூச வழியிருக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் வண்டியின் மின்னணுக் கருவிகளும் பழுதாகலாம்.

தமிழ்நாட்டின் கனரக வண்டித் தொழிலில் இந்தப் பாடம் பழையது. நாமக்கல்லில் லாரிகளுக்கு உடற்கூடு கட்டுவோரும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் பொறிகளை லாரியில் ஏற்றுவோரும் அடிச்சட்டத்தின் மேல் துணைச்சட்டம் வைத்து இணைக்கிறார்கள். லாரி நிறுவனங்கள் உடற்கூடு கட்டுவோருக்குத் தரும் வழிகாட்டு நூல்கள், நீள்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதையும் வெல்டிங் செய்வதையும் பொதுவாகத் தடுக்கின்றன. சட்டம் வளையும்போது அதிகத் தகைவு விழும் இடங்கள் அந்த விளிம்புகளே. நடுப்பக்கத்தில் அது குறைவு. ஆகவே பம்பர் பிராக்கெட்டும் நீள்சட்டத்தின் பக்கவாட்டு முகத்தில், முடிந்தவரை நிறுவனம் ஏற்கெனவே இட்ட துளைகளிலேயே பொருத்தப்பட வேண்டும்.

பிராக்கெட்டின் சொந்தப் பாகங்களைத் தமக்குள் வெல்டிங் செய்வதில் தடையில்லை. முக்கோண வலுத்தகடுகளைப் பட்டறையில் பற்றவைத்து, சரிபார்த்து, பூச்சிட்ட பிறகு, முழு பிராக்கெட்டையும் போல்ட்டுகளால் சட்டத்தோடு இணைக்கலாம். பழுதானால் கழற்றி மாற்றவும் இது வழி தருகிறது.

கணக்கீடு: ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பக்க நீள்சட்டத்தில் 20 கிலோநியூட்டன் இழுவிசை விழுகிறது என்றும், இழுவைக் கொக்கி போல்ட்டுத் தொகுதியின் மையத்திலிருந்து 100 மி.மீ. கீழே உள்ளது என்றும் கொள்வோம். பிராக்கெட் நான்கு எம்12 போல்ட்டுகளால், முன்வரிசையில் இரண்டு, பின்வரிசையில் இரண்டு என இணைக்கப்பட்டுள்ளது. போல்ட்டுகள் 8.8 தரத்தவை.

இத்தரத்தில் எம்12 போல்ட்டின் பயன்படு பரப்பு 84.3 சதுர மி.மீ. நிலையான நீட்சி ஏற்படாமல் அது தாங்கும் சுமை ஏறத்தாழ 48.9 கிலோநியூட்டன். அதில் 75 விழுக்காடு, அதாவது சுமார் 36.7 கிலோநியூட்டன் வரை போல்ட் இறுக்கப்படும். உராய்வுக் கெழு 0.2 எனில், ஒவ்வொரு போல்ட்டும் தகடு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் விசை 7.3 கிலோநியூட்டன் ஆகும்.

நேரடி இழுவிசை நான்கு போல்ட்டுகளுக்கும் பகிரப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் 5 கிலோநியூட்டன் வரும். கொக்கி கீழே இருப்பதால் 20 கிலோநியூட்டனும் 0.1 மீட்டரும் பெருகி 2 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் உண்டாகிறது. இது முன்வரிசையையும் பின்வரிசையையும் எதிரெதிராக மேலும் கீழும் தள்ளும். மேல், கீழ் போல்ட்டுகளின் உயர வேறுபாடு தரும் சிறு உதவியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் கிடைக்கும் விடைகள் பின்வருமாறு.

வரிசைகளுக்கிடையே 80 மி.மீ. மட்டுமே இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் 25 கிலோநியூட்டன், ஒவ்வொரு போல்ட்டிலும் 12.5 கிலோநியூட்டன் செங்குத்து விசை வரும். நேரடி இழுவிசையோடு இதைச் செங்கோணத்தில் கூட்டினால் ஒரு போல்ட்டுக்கு ஏறத்தாழ 13.5 கிலோநியூட்டன். இது பிடிவிசையான 7.3ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே தகடு வழுக்கும்.

வரிசைகளுக்கிடையே 200 மி.மீ. இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் 10 கிலோநியூட்டன், ஒவ்வொரு போல்ட்டிலும் 5 கிலோநியூட்டன் செங்குத்து விசை மட்டுமே. மொத்தம் ஏறத்தாழ 7.1 கிலோநியூட்டன். தகடு வழுக்காது.

இரண்டு அமைப்புகளிலும் போல்ட், தகடு, இழுவிசை எல்லாம் ஒன்றே. நீளம் மட்டுமே வேறு. தகட்டை 6 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்கு மாற்றுவது இக்கணக்கில் எந்த மாற்றத்தையும் தராது. எடையை மட்டும் கூட்டும். 200 மி.மீ. அமைப்பிலும் மிச்சம் குறைவு என்பதால், உண்மையான வடிவமைப்பில் ஆறு போல்ட்டுகள் இடுவதோ, எம்14 போல்ட்டுக்கு மாறுவதோ, கொக்கியைச் சட்டத்தின் மையக்கோட்டுக்கு அருகில் உயர்த்துவதோ தேவைப்படும்.

தகடு வழுக்கிவிட்டால் போல்ட் உடனே அறுந்துவிடாது. எம்12, 8.8 போல்ட் ஒன்று வெட்டு விசையில் ஏறத்தாழ 40 கிலோநியூட்டன் வரை தாங்கும். முதலில் பழுதாவது துளைதான். 3 மி.மீ. தடிப்புள்ள சட்டத்தில் 12 மி.மீ. போல்ட் அழுத்தும் பரப்பு 36 சதுர மி.மீ. மட்டுமே. 250 மெகாபாசுகல் தகைவை வரம்பாகக் கொண்டால் அது 9 கிலோநியூட்டனுக்குச் சமம். அதற்கு மேல் துளை மெல்ல நீள்வட்டமாகத் தொடங்கலாம். போல்ட்டை மாற்றிவிடலாம், அடிச்சட்டத்தை எளிதில் மாற்ற முடியாது. இதனால்தான் 12.9 தரப் போல்ட் போடுவது மட்டும் தீர்வாகாது.

தகடும் துளையும்

ஐஎஸ் 2062 தரநிலையின் இ250 வகை எஃகு பிராக்கெட்டுக்குப் போதுமானது. இது 250 மெகாபாசுகல் அளவில் நிலையாக வளையத் தொடங்கி, 410 மெகாபாசுகலுக்கு மேல்தான் அறும். முறிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும் இக்குணம் விரும்பத்தக்கது. வழக்கமாக 5 அல்லது 6 மி.மீ. தடிப்பு பயன்படுகிறது.

எம்12 போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை இடப்படும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது துளை விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 20 மி.மீ. விட வேண்டும். கேஸ் கட்டிங்கால் போட்ட துளைகளின் ஓரம் கடினமாகி விரிசலுக்கு இடம் தருவதால் டிரில்லிங் செய்வதே நல்லது. உள்நோக்கிய மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும். பிராக்கெட்டின் பின்முனையைச் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாகக் குறுக்கினால், சட்டத்தின் விறைப்பு திடீரென மாறாது. அங்கே விரிசல் விழும் வாய்ப்பும் குறையும்.

திறந்த 'ப' சட்டத்தில், உட்புறத்திலும் ஒரு துணைத்தகடு வைத்தால் நட்டின் அழுத்தம் பரவும். பெட்டிச் சட்டத்தில் போல்ட்டை இரு சுவர்களையும் ஊடுருவிப் போட்டால், இறுக்கும்போது சுவர்கள் உள்நோக்கி அமுங்கும், பிடிவிசை நிற்காது. இதைத் தவிர்க்க, சுவர்களுக்கிடையே சரியான நீளமுள்ள தடித்த குழாய்த் துண்டு ஒன்று வைத்து, அதன் வழியாகப் போல்ட் செலுத்தப்படுகிறது.

போல்ட்டை இறுக்குதல்

மேலே காட்டிய கணக்கு முழுவதும் போல்ட் சரியாக இறுக்கப்பட்டிருப்பதை நம்பியே நிற்கிறது. எண்ணெய் தடவாத எம்12, 8.8 போல்ட்டுக்கு முறுக்கு விசை ஏறத்தாழ 85 முதல் 90 நியூட்டன்-மீட்டர். இதை டார்க் ரெஞ்ச் கொண்டே அளக்க முடியும். கைப்பழக்கத்தில் இறுக்கினால் ஒரு போல்ட் தளர்வாகவும் மற்றொன்று மிகையாகவும் அமையும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபட்டுவிடும்.

தொடும் முகங்களுக்கிடையே தடித்த பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கிப் பிடிவிசை குறையும். மெல்லிய துருத்தடுப்புப் பூச்சு மட்டும் இருக்க வேண்டும். கடினமான தட்டை வாஷரும் தானே கழலாத பூட்டு நட்டும் பயன்படுத்தப்படுகின்றன. பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் முறுக்கைச் சரிபார்ப்பது அவசியம்.

மோதல் பாதுகாப்பு

தற்கால வண்டிகளில் நீள்சட்டத்தின் முன்முனை வேண்டுமென்றே நசுங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் வண்டி 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் உணரும் சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பின் சுமார் 16 மடங்கு. நசுங்கும் தொலைவு 40 செ.மீ.யாகக் குறைந்தால் அது சுமார் 25 மடங்காக உயரும். நசுங்க வேண்டிய பகுதியின் மேல் விறைப்பான பிராக்கெட்டைப் படர விட்டால் நிகழ்வது இதுவே. அத்துடன், காற்றுப்பையை விரிக்கும் உணரிகள் நிறுவனத்தின் மூல அமைப்பு நசுங்கும் விதத்துக்கு ஏற்பவே அமைக்கப்பட்டவை. விறைப்பு மாறினால் காற்றுப்பை விரியும் நேரமும் மாறலாம்.

இந்தியாவில் ஏஐஎஸ்-098 தரநிலை, மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும் சோதனையை வகுக்கிறது. இது புதிய கார் வகைகளுக்கு 2017 அக்டோபர் முதலும், விற்பனையில் இருந்த வகைகளுக்கு 2019 அக்டோபர் முதலும் நடைமுறைக்கு வந்தது. சோதனையில் தேறியது நிறுவனம் செய்த வண்டியே. மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அச்சான்று பொருந்தாது.

சாலையில் நடப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. நிறுவன பம்பரின் நெகிழி உறை மோதலில் சற்று அமுங்கிக் கொடுக்கும். எஃகுக் குழாயோ தகடோ அமுங்காது. விசை முழுவதும் சிறு பரப்பில் விழும். நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே செல்லும் கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருசக்கர வண்டியினரும் அதே சாலையைப் பயன்படுத்துகின்றனர்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் மூல வரையறையிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பர் 7 அன்று ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், புல் பார், கிராஷ் கார்டு எனப்படும் முன்தடுப்புகளை இப்பிரிவின் மீறலாகக் கருதி நடவடிக்கை எடுக்குமாறு கூறியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், நிறுவனத்தின் மூல வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எனவே முழு எஃகு பம்பரும் அதற்கான பிராக்கெட்டும் பொதுச்சாலை வண்டிக்கு உரியவை அல்ல. கோவாவில் 2014இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் கலந்துகொள்ளும் வண்டிகளிலும், தனியார் நிலத்துக்குள் மட்டும் இயங்கும் வண்டிகளிலுமே இவ்வடிவமைப்புக்கு இடம் உண்டு. சாலை வண்டி வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பான வழி, வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்ட நிறுவன இழுவைக் கொக்கிகளை மட்டும் பயன்படுத்துவதும், சேற்றைத் தோண்டி அகற்றித் தேவையான இழுவிசையைக் குறைத்த பிறகே இழுப்பதும் ஆகும்.

ஆய்வும் பராமரிப்பும்

ஒவ்வொரு கடும் மீட்புக்குப் பிறகும் பிராக்கெட்டைப் பார்வையிட வேண்டும். வாஷரைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து பளபளப்பாகத் தெரிந்தால் தகடு வழுக்கியுள்ளது என்று பொருள். போல்ட் தலையின் அடியிலிருந்து வழியும் செந்துருக் கோடு, இணைப்பு அசைகிறது என்பதைக் காட்டும். துளை நீண்டிருந்தாலோ, பிராக்கெட் முடியும் இடத்தில் நீள்சட்டத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, அந்த வண்டியால் இழுப்பதையும் அதை இழுப்பதையும் நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை மிகைச்சுமை பட்ட போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பயன்படுத்தாமல் புதியவற்றை இடுவதே முறை. செம்மண் சேறு பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே தங்கி ஈரத்தைப் பிடித்துவைப்பதால், மழைக்காலம் முடிந்ததும் கழுவி, காயவைத்து, பூச்சைப் புதுப்பிப்பது சட்டத்தின் ஆயுளைக் கூட்டும்.